நுங்கு வண்டி ஓடிய பூமி

சென்னையிலிருந்து பெங்களூர் போகும் ராஜபாட்டையில், ஸ்ரீபெரும்புதூருக்குச் சற்று முன்பாக வருகிறது இருங்காட்டுக்கோட்டை. பெயரில் காடும் இருக்கிறது, கோட்டையும் இருக்கிறது. இன்று பஸ்ஸில் போகிறவர் கண்ணில் படுவதோ தொழிற்சாலை மதில்களும் வரிசை வரிசையாக நிற்கும் புத்தம்புதுக் கார்களுந்தான். 1998-ல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இங்கிருந்துதான் வெளியே வந்தது. மோட்டார் பந்தயத் திடல் 1990-லேயே வந்துவிட்டது.

அதற்கெல்லாம் முன்னால் இந்த மண்ணில் ஓடிய வண்டி ஒன்று உண்டு. பெட்ரோல் கேட்காத வண்டி! நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் இரண்டு பனங்காய்க் கூடு, நடுவே ஒரு குச்சி, தள்ளுவதற்கு ஒரு கவைக்கோல். அறுபதைத் தாண்டிய தாத்தாக்கள் பலர் பால்யத்தில் ஓட்டிய வாகனம் இதுவே.

பழைய செங்கல்பட்டு ஜில்லா ஏரிகளுக்குப் பேர்போனது. (1997-ல் ஜில்லா பிரிந்தபோது இந்தப் பகுதி காஞ்சிபுரத்தோடு சேர்ந்தது.) ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் பையன்களுக்குப் பள்ளிக்கூடம் மறந்துபோகும். துண்டை இருபுறமும் பிடித்துக்கொண்டு கெண்டையும் கெளுத்தியும் அரிப்பார்கள். வீடு திரும்பினால் அப்பாவிடம் உதை, ஆயாவிடம் குழம்பு!

சித்திரைத் திருவாதிரை வந்தால் ராமானுஜர் உற்சவத்துக்குக் கட்டை வண்டி பூட்டுவார்கள். வெயில் காலத்தில் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறும் சமயத்தில், தூங்கி வழியும் பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள். மேலிருந்து அவன் வீசும் எலுமிச்சம்பழத்துக்கு ஓர் அடிதடியே நடந்துவிடும்.

பிறகு கழனிகள் தொழிற்பேட்டைக்குப் போயின. பணம் வந்தது, சிலருக்கு வேலையும் வந்தது. கூரை வீடு மாடி வீடாயிற்று. வறுமையைப் பார்த்தவர்கள் இதைக் குறைசொல்ல மாட்டார்கள். ஆனால் ஞாபகத்துக்கு ஒரு வரப்பாவது, ஒரு வேப்பமரமாவது அடையாளம் வேண்டாமா? காணி என்றால் சுமார் 1.32 ஏக்கர் என்று பேத்திக்குக் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாடகை அறைகளில், ஒரிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களின் குழந்தைகள் வளர்கிறார்கள். இந்த ஊர் என்றால் அவர்களுக்கு அப்பா ஏறிப்போகும் கம்பெனி பஸ்தான்.

பொங்கலுக்குக் கூடும் குடும்பங்களில் ஒரு வாதம் தவறுவதில்லை. பழைய கவலைக் கிணறு எங்கே இருந்தது? மதிலுக்கு உள்ளேயா, சாலைக்கு அடியிலா? அண்ணன் ஒன்று சொல்வார், தம்பி ஒன்று சொல்வார். பேத்தி கைபேசியில் வரைபடத்தைத் திறந்து நீட்டுவாள். தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொள்வார்.

"ஏரிக்கரையைக் காட்டும்மா. அங்கேயிருந்து நான் வழி சொல்றேன்."