விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் என்ன இருக்கிறது?

விதைக் கடையில் ‘கோ 51’, ‘ஏ.டி.டி 45’ என்று நெல் கேட்கிறோம், ‘வம்பன் 8’ என்று உளுந்து கேட்கிறோம், ‘பி.கே.எம் 1’ என்று முருங்கை கேட்கிறோம். இவையெல்லாம் ஊர்ப் பெயர்கள். கோ என்றால் கோயம்புத்தூர், ஏ.டி.டி என்றால் ஆடுதுறை, பி.கே.எம் என்றால் பெரியகுளம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகளும் ஆராய்ச்சி நிலையங்களும் உள்ள இடங்கள்தான் இவை. 1868-ல் சென்னை சைதாப்பேட்டையில் வேளாண் பள்ளியாகத் தொடங்கி, 1906-ல் கோவைக்கு வந்து, 1971-ல் பல்கலைக்கழகமானது இந்த நிறுவனம்.

அங்கே விவசாயி வீட்டுப் பிள்ளை படிக்க முடியுமா? செலவு தாங்குமா? பிளஸ் டூ முடிவு வரும் நேரத்தில் பல வீடுகளில் எழும் கேள்வி இது.

சேர்க்கையும் உதவியும்

இளநிலை வேளாண்மை நான்கு ஆண்டுப் படிப்பு. நீட் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத் தரவரிசை, பிறகு கலந்தாய்வு. 6 முதல் 12-ம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவிகித உள் ஒதுக்கீடு உண்டு. இதில் இடம் பெறுவோரின் படிப்பு, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும்.

சாதி, வருமானம், முதல் பட்டதாரி, அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றுகளை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. கடைசி நேரத்தில் ஒரு சான்று இல்லாமல் போனால், கிடைக்க வேண்டிய சலுகை கைநழுவும். தனியார் இணைப்புக் கல்லூரிகளில் கட்டணம் கூடுதல். விசாரித்துவிட்டு விருப்பப் பட்டியலைக் கொடுக்க வேண்டும்.

வயலிலும் பாடம்

மண், பயிர், பூச்சி, நோய், விதை, பொருளாதாரம் எனப் பாடங்கள் விரியும். மாணவர்களே பாத்தி பிடித்து, விதைத்து, களையெடுத்துக் கணக்கு எழுத வேண்டும். தமிழ்வழியில் படித்து வருபவர்களுக்கு ஆங்கிலப் பாடநூல்கள் முதல் ஆண்டில் மலைப்பாகத்தான் இருக்கும். மதிப்பெண் சற்றுக் குறைந்தால் வீட்டில் திட்டாமல், ஆசிரியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு ரகம் பிறக்கும் கதை

முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களின் ஆய்வும் ரகம் உருவாக்கும் பணிக்குக் கைகொடுக்கிறது. இரண்டு ரகங்களை ஒட்டுக்கட்டி, தலைமுறை தலைமுறையாகத் தேர்வு செய்து, பல ஊர் மண்ணில் சோதித்து வெளியிடப் பத்து ஆண்டுகள்கூட ஆகும். கடைசிக் கட்ட சோதனை விவசாயிகளின் வயலிலேயே நடக்கிறது.

ஊருக்கு வரும் மாணவர்கள்

இறுதி ஆண்டு மாணவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமங்களுக்கு வருகிறார்கள். நெல் விதையை உப்புக் கரைசலில் தேர்வு செய்வதைச் செய்து காட்டுவார்கள். நல்ல முட்டையைத் தண்ணீரில் போட்டால் மூழ்கும். உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தால், முட்டை மேலே வந்து நாணய அளவுக்கு வெளியே தெரியும். அந்தக் கரைசலில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலச வேண்டும்.

அவர்கள் வரும்போது மண் பரிசோதனை அட்டை, பூச்சி அரித்த இலை, உரமிட்ட தேதி எல்லாவற்றையும் காட்டுங்கள். பதில் தெரியாவிட்டால் பேராசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். சொன்ன முறையில் விளைச்சல் குறைந்தால், தயங்காமல் குறைந்தது என்றே சொல்லுங்கள். முகத்துக்காக ‘நல்லா வந்துச்சு’ என்று சொன்னால், அந்தத் தவறு அடுத்த ஊர் விவசாயியின் வயலுக்கும் போய்ச் சேரும்.