வீடும் நிலமும் – 7: உறுதியில் எழுதப்படாத கிணற்று நீர்

பாறையிலும் மண்ணிலும் உள்ள யுரேனியம் படிப்படியாகச் சிதையும்போது உண்டாகி, அத்திவாரத்தின் வெடிப்புகளூடாக வீட்டுக்குள் புகும் ரேடன் என்னும் கதிரியக்க வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புகைபிடித்தலுக்கு அடுத்தபடியாக நுரையீரற் புற்றுநோயைத் தோற்றுவிக்கும் முக்கிய காரணியாக இது கருதப்படுவதால், ஒரு கனமீற்றர் காற்றில் 200 பெக்கரலுக்கு, அதாவது விநாடிக்கு 200 அணுச்சிதைவுகளுக்கு, மேற்பட்டால் வீட்டைத் திருத்துமாறு கனடா அரசு அறிவுறுத்துகிறது. குளிருக்காகக் கதவு யன்னல்களை அடைத்துச் சூடேற்றப்படும் வீடுகளின் நிலக்கீழ் அறைகளில் இவ்வாயு தேங்குமாதலால், ரொறன்ரோவில் வீடு வாங்கும் யாழ்ப்பாணத்தவர் இதனை அளந்தறிவது அவசியமாகும்.

அவர்களே யாழ்ப்பாணத்தில் வீடு வாங்கும்போது நிலைமை வேறு. நிலக்கீழ் அறையின்றி, ஆண்டு முழுவதும் காற்றோடும்படி கட்டப்பட்ட வீட்டில் ரேடன் தேங்குவதற்கு வாய்ப்புக் குறைவு. ஆயினும் நிலத்தடியிலிருந்து கண்ணுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வரும் கேடு யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் உண்டு. அது வரும் வழி கிணறு.

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத யாழ்ப்பாணத்தின் நிலத்தடி நன்னீர் பெரும்பாலும் மாரிமழை தந்தது. அது வெடிப்புகளும் குகைகளும் நிறைந்த மயோசின் காலச் சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின்மேல் மிதக்கும் படலமாக நிற்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் காணப்படுவது இதனாலேயே. மழையை விரைந்து உள்வாங்கும் அதே வெடிப்புகள், செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் இடப்படும் யூரியாவின் எச்சத்தையும், மலசலகூடக் குழிகளின் கசிவையும், மண்ணால் வடிகட்டப்படுமுன்பே கிணற்றுக்குக் கொண்டுசேர்க்கின்றன. இவ்விரண்டிலும் உள்ள நைதரசன் நீரில் நைத்திரேற்றாக மாறுகிறது. உவர் ஏறினால் நாக்கு அறிந்துவிடும். நைத்திரேற்றை நாக்கும் அறியாது, கண்ணும் அறியாது. கொதிக்கவைத்தால் அது நீங்குவதில்லை. நீர் ஆவியாகிக் குறைய, அதன் செறிவு கூடவே செய்யும். கிணற்றுக்குக் குளோரின் இடுவதும் கிருமிகளைக் கொல்லுமேயன்றி நைத்திரேற்றை அகற்றாது.

உலக சுகாதார நிறுவனம் வகுத்த வரம்பு லீற்றருக்கு 50 மில்லிகிராம். குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வரம்பு மீறப்பட்டிருப்பதைப் பல பத்தாண்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. பால்மாவை இந்நீரில் கரைத்து ஊட்டும்போது, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, ஒட்சிசனைச் சுமக்கும் குருதிப்புரதத்தைச் செயலிழக்கச் செய்யலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும் அந்நிலை கடுமையானால் உயிருக்கே ஆபத்து. வீடு வாங்கும் இளம் தம்பதியர்க்கு இதைவிட முக்கியமான செய்தி இல்லை.

குடாநாட்டிலேயே, சுன்னாகத்தில் அனல் மின்னிலையத்தின் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்ததாக எழுந்த வழக்கில், அங்கு இயங்கிய தனியார் மின்னுற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. எண்ணெய்ப்படலத்தையேனும் மக்கள் கண்ணால் கண்டு முறையிட முடிந்தது. நைத்திரேற்றுக்கு அத்தகைய அடையாளமும் இல்லை, ஒருவரைச் சுட்டி வழக்காடவும் இயலாது.

யாழ்ப்பாணத்தில் காணி வாங்குவோர் உறுதியை நொத்தாரிசிடம் காட்டி, பரப்பையும் எல்லையையும் வழிவாய்க்காலையும் கிணற்றுப் பங்கையும் நுணுக்கமாக ஆராய்வர். பங்கு எவ்வளவு என்று உறுதி கூறுமேயன்றி, நீர் எத்தகையது என்று கூறாது. அயலவர் நெடுங்காலம் குடித்துவரும் நீர் என்பதும் சான்றாகாது. மாரிக்குப் பின்னும் கோடையிலும் நைத்திரேற்றின் அளவு மாறக்கூடுமாதலால், ஒரே சோதனையோடு நில்லாமல் இரு பருவத்திலும் பார்ப்பது நல்லது. அயற்காணியின் மலசலகூடக் குழி எங்குள்ளது, சுற்றிலும் என்ன பயிர் செய்யப்படுகிறது என்பதையும் நேரில் கண்டறிய வேண்டும். வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிலேயே விலை பேசி முடிப்போர், முற்பணம் அனுப்புமுன், தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை போன்றவற்றின் ஆய்வுகூடத்தில் அக்கிணற்று நீரைச் சோதித்து, முடிவை எழுத்தில் பெறுமாறு ஊரிலுள்ள உறவினரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.