சீவாளிக்கு ஏற்ற நூல்

கொழும்பு மாநகரின் கொட்டாஞ்சேனைப் பகுதியில், கொச்சிக்கடையிலே பொன்னம்பலவாணேசுவரர் ஆலயம் விளங்குகிறது. 1857ஆம் ஆண்டிலே பொன்னம்பல முதலியார் எழுப்பிய அவ்வாலயத்தை, அவர் மைந்தர் சேர். பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் 1912 வரை கருங்கல்லால் புதுக்கி அமைத்தார். இத்தகைய கல் மண்டபத்திலே நாதசுவரம் ஒலிக்கும்போது, கேட்போர் செவி இராகத்தை நாடும். கண் வித்துவானின் விரல்களை நாடும். அவர் உதடுகளுக்கிடையே மறைந்திருக்கும் சீவாளியை நினைப்பவர் சிலரே. அச்சீவாளியின் அடியிற் சுற்றியுள்ள நூலை நினைப்பவர் அவரினும் சிலர். ஆயினும், திருமணப் பந்தலிலே கெட்டிமேளம் முழங்க வேண்டிய கணத்தில் அந்த நூல் தளர்ந்துவிட்டால், எத்தனை ஆண்டுப் பயிற்சியும் அக்கணத்தில் துணைக்கு வராது.

சீவாளி என்பது நாணல் வகைத் தட்டையைப் பதப்படுத்திச் செய்யப்படுவது. அதன் மேற்பகுதி இரண்டு மெல்லிய இதழ்களாய் விரிந்திருக்கும். அடிப்பகுதி குழாயாய்க் குவிந்து, கெண்டை எனப்படும் சிறிய உலோகக் குழாயின்மேற் பொருந்தும். கெண்டையோ, உலவு எனப்படும் மரக்குழலின் தலையிற் பொருந்தும். ஊதும்போது இதழ்கள் இரண்டும் விரைந்து மூடித் திறக்கின்றன, அவ்வதிர்வே நாதமாகிறது. இடையில் எங்கேனும் காற்றுக் கசிந்தால் சுருதி நிலைகொள்ளாது. வித்துவான் மூச்சை மிகுதியாகச் செலவிட நேரும்.

ஆகவே நூலுக்கு இரண்டு இடங்களில் வேலை உண்டு. சீவாளியின் அடிக்குழாயை உருக்குலையாது இறுக்கிப் பிடிப்பது ஒன்று. கெண்டை உலவிற் பொருந்துமிடத்தில் இடைவெளியை அடைப்பது மற்றொன்று. இவ்விரண்டும் வேறுபட்ட பணிகளாதலின், ஒரே நூல் இரண்டுக்கும் சிறந்ததாதல் அரிது. நூல் தேடுவோர் முதலில் மனத்திற் கொள்ள வேண்டுவது இதுவே.

பிற தேசத்தார் அனுபவமும் இதற்குத் துணைசெய்யும். ஸ்கொத்லாந்து மக்கள் ஊதும் பாக்பைப் என்னும் துருத்திக்குழலிலும் இரட்டை இதழுடைய நாணற் சீவாளி உண்டு. அதனைச் செப்புக் குழாயோடு சேர்த்து மெழுகிட்ட நூலாற் கட்டுவர். ஹெம்ப் என்னும் செடியின் நார்நூல் அவர்களிடம் நெடுங்காலம் வழங்கியது. துருத்திக்குழலின் சீவாளி குழலுக்குள்ளே மறைந்திருப்பது; ஊதுவோரின் உதடு அதனைத் தீண்டுவதில்லை. நாதசுவரச் சீவாளியோ வாய்க்குள்ளேயே இருப்பது. ஒரு கச்சேரிக்குள் அது பலமுறை நனைகிறது. கச்சேரி முடிந்தபின் காய்கிறது. நனைந்தும் காய்ந்தும் வரும் இந்த மாறுதலைத் தாங்குவதே நம் நூலுக்கு நேரும் பெருஞ்சோதனையாகும்.

நூல்களின் இயல்பை இனி நோக்கலாம். பருத்தி ஈரத்தை விரும்பும் பொருள். சாதாரணக் காற்றிலிருந்தே தன் எடையில் நூற்றுக்கு 8 பங்களவு ஈரத்தை அது ஏற்றுக்கொள்ளும். நனைந்தால் அதன் வலிமை குறைவதில்லை, கூடுகிறது; இழைகள் பருத்து இடைவெளியை அடைக்கின்றன. ஆனால் ஈரம் நீடித்தாற் பூஞ்சணம் பிடிக்கும். நாளடைவில் நூல் நைந்துவிடும். பட்டு மெல்லியது, அழகியது. எனினும் நனைந்தால் வலிமை குன்றும். நைலோன் உறுதி மிக்கது. ஆயினும் இழுத்தால் நீண்டு கொடுக்கும் இயல்புடையது. பொலியெஸ்டர் நூல் ஏற்கும் ஈரம் நூற்றுக்கு அரைப் பங்கும் இல்லை. நனைந்தாலும் காய்ந்தாலும் ஏறத்தாழ ஒரே நிலையில் நிற்கும். அதன் குறை வழுக்குதலே. அக்குறையைத் தேன்மெழுகு தீர்த்துவிடும்.

இவற்றால் பெறப்படுவது யாது? சீவாளியின் அடிக்கட்டுக்கு இறுக்கம் மாறாத பொலியெஸ்டர் நூலை மெழுகிட்டு வழங்குவது நன்று. பருத்தியே வேண்டுமென்போர், காரச் சோடாவிற் பதப்படுத்திய பருத்தி நூலைக் கொள்ளலாம். 1844இல் ஜோன் மேர்சர் என்னும் ஆங்கிலேயர் கண்ட முறையினின்று வளர்ந்தது அது. பிசிறின்றி வழுவழுப்பாய் இருக்கும். குரோஷே நூல் என்று கடைகளில் விற்பதிற் பெரும்பாலானது இவ்வகையே. கெண்டையின் அடிச்சுற்றுக்கோ சாதாரணப் பருத்தி நூலே ஏற்றது. நனையும்போது பருத்து இடைவெளியை அடைப்பது அங்கே குணமாகிறது. வேண்டும்போது ஒரு சுற்றைக் கூட்டவும் குறைக்கவும் முடிகிறது. ஆனால் அளவுக்கு மிஞ்சிச் சுற்றினால், ஈரத்தாற் பருத்த நூல் உலவின் வாயைப் பிளந்துவிடவுங் கூடும்.

கொட்டாஞ்சேனையில் இருப்பவருக்கு நூல் தேடித் தொலைதூரம் செல்ல வேண்டியதில்லை. அண்மையிலேயே புறக்கோட்டை இருக்கிறது. அதன் குறுக்குத் தெருக்களிலே துணியும் தையற்பொருளும் விற்கும் கடைகள் நிறைந்துள்ளன. நூற்கட்டையின்மீது 40/2, 40/3 என்றவாறு எண்கள் காணப்படும். முதலெண் இழையின் நுண்மையைக் குறிக்கும். ஓர் இறாத்தல் எடையுள்ள இழையில் 840 யார் நீளமுள்ள கழிகள் எத்தனை அடங்குமோ அதுவே அவ்வெண். ஆதலால் எண் ஏற ஏற இழை மெலியும். இரண்டாம் எண், எத்தனை இழைகள் முறுக்கிச் சேர்க்கப்பட்டுள்ளன என்பதைக் காட்டும். தடித்த நூல் சுற்றுகளுக்கிடையே இடைவெளி விடும். மிக நுண்ணிய நூல் தட்டையை அறுக்கும். இரண்டுக்கும் இடைப்பட்டதே வேண்டுவது.

விலக்க வேண்டுவனவும் சில உள. மீன்பிடிக்கும் ஒற்றையிழை நைலோன் நரம்பு முடிச்சிலிருந்து நழுவி விரியும். பட்டம் ஏற்றும் மாஞ்சா நூலிற் கண்ணாடித்தூள் கலந்திருக்கும். அது வாயருகே வரவே கூடாது. சாயநூலாயின், அதனை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தல் வேண்டும். சாயம் விடுமாயின் அதுவும் வாய்க்கு ஆகாது.

வாங்கிய நூலை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு முழ நூலை ஆணியிற் கட்டி, மறுமுனையிற் சிறுகல் ஒன்றைத் தொங்கவிட்டு, கல் நிற்கும் மட்டத்தைச் சுவரிற் குறிக்க வேண்டும். பின்பு நூலை நனைத்து, ஒரு மணிநேரம் கழித்துப் பார்க்க வேண்டும். கல் தாழ்ந்திருப்பின் அந்நூல் அடிக்கட்டுக்கு உதவாது.

சுற்றும் முறையும் எளியதே. நூலைத் தேன்மெழுகுக் கட்டியின்மேல் இரண்டு மூன்று முறை இழுத்து, ஒரு முனையை ஆணியிற் கட்டிக்கொள்ள வேண்டும். சீவாளியை விரல்களாற் சுழற்றியவாறே ஆணியை நோக்கி நகர்ந்தால், இழுப்பு ஒரே சீராய் இருக்கும். சுற்றுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்க வேண்டும், ஏறிக்கொள்ளலாகாது. கட்டு இதழை நோக்கி உயர்ந்தால் அதிரும் நீளம் குறைந்து சுருதி ஏறிவிடும். அளவு மீறி இறுக்கினால் வாய்த்திறப்பின் வடிவம் மாறும். கடைசி முனையை முடிச்சிட்டுப் புடைக்க விடாமல், இறுதிச் சுற்றுகளின் அடியிற் செலுத்தி இழுத்து மறைப்பது நன்று. துறைமுகத்திலே கயிற்றின் நுனி பிரியாதிருக்க மாலுமிகள் நூல் சுற்றிக் கட்டும் முறையும் இதுவே.

இச்சிறு தொழிலை ஏன் கற்க வேண்டும் என்று ஒருவர் வினவலாம். ஈழத்து வித்துவான்கள் வழங்கும் சீவாளிகள் பெரும்பாலும் காவிரிக் கரையிலிருந்து வருவன. நாதசுவரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம்பிள்ளையின் பெயரோடு இணைந்த திருவாவடுதுறை சீவாளித் தொழிலுக்கும் பேர்பெற்ற ஊர். அங்கிருந்து இங்கு வரும் வழியோ எந்நாளும் திறந்திருந்ததன்று. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு ஓடிய கப்பலும் 1980களில் நின்றது. 1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுக்கின. 2022இல் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே கப்பற்சேவை தொடங்கியது நற்செய்தியே. எனினும் கடல்வழி ஒன்றையே நம்பியிருத்தல் கலைக்குப் பாதுகாப்பாகாது.

நாணலை நாம் இங்கு விளைவிக்க இயலாதிருக்கலாம். ஆனால் நூல் தளர்ந்ததென்று நல்ல சீவாளியை எறிந்துவிடாமல், அதனை மீண்டும் கட்டிப் பல நாள் வழங்கச் செய்வது நம் கையில் இருக்கிறது. கட்டு உறுதியாயின் வித்துவானின் மூச்சு வீணாகாது; அவர் மனமும் இராகத்திலேயே நிலைத்திருக்கும். நூலைப் போலச் சேலை என்பது பழமொழி. நாதசுவரத்தைப் பொறுத்தவரை, நூலைப் போலவே நாதமும் என்று கொள்வது தவறாகாது.