உரிமைகளுக்கு ஐந்தாண்டு விலக்கு

கனடாவின் 1867-ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டம் ஆட்சி அதிகாரத்தை இரண்டாகப் பங்கிட்டது. குற்றவியல் சட்டம், நாணயம், ராணுவம் ஆகியவை ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசுக்கு. கல்வி, மருத்துவமனை, சொத்துரிமை, உள்ளாட்சி ஆகியவை மாகாணங்களுக்கு. இரு மட்டத்திலும் நடப்பது பிரிட்டிஷ் பாணி நாடாளுமன்ற ஆட்சிதான்: அவையில் பெரும்பான்மை யாரிடமோ, அரசும் அவரிடமே. மாகாணங்களில் மேலவையும் கிடையாது. கட்சி கட்டுக்குள் இருந்தால், மாகாண முதல்வர் ஒருவர் நினைத்ததைச் சில நாட்களில் சட்டமாக்கிவிட முடியும்.

இந்த அதிகாரத்துக்குக் குறுக்கே குடிமக்களின் உரிமையை நிறுத்தியது, 1982 ஏப்ரல் 17 அன்று இரண்டாம் எலிசபெத் அரசி ஒட்டாவாவில் கையெழுத்திட்ட உரிமைகள் சாசனம். 1960-இலேயே ஒட்டாவா நாடாளுமன்றம் உரிமைகளுக்கென ஒரு சட்டம் இயற்றியிருந்தது. ஆனால் அது சாதாரணச் சட்டம். மாகாணங்களைக் கட்டுப்படுத்தவும் இல்லை. புதிய சாசனம் அரசியலமைப்பின் பகுதி. அதற்கு முரணான சட்டத்தை, இயற்றியது எந்த அவையானாலும், நீதிமன்றம் செல்லாதென்று தள்ளலாம்.

மாகாணங்கள் இதை எளிதில் ஏற்கவில்லை. சட்டத்தின் கடைசி வார்த்தை தேர்தலில் நிற்காத நீதிபதிகளிடம் போய்விடும் என்று சஸ்காட்சுவான் முதல்வர் ஆலன் பிளேக்னி, ஆல்பர்ட்டா முதல்வர் பீட்டர் லாகீட் போன்றோர் அஞ்சினர். அந்த அச்சத்தில் நியாயம் இருந்தது. 1981 நவம்பரில் ஒட்டாவா மாநாட்டு மண்டபத்தின் சமையலறையில் மத்திய அமைச்சர் ழான் கிரெட்டியனும் இரண்டு மாகாண அமைச்சர்களும் பேசி முடித்த சமரசத்தில், அந்த அச்சத்தைத் தணிக்கும் 33-ஆம் பிரிவும் அடக்கம். அந்தப் பேச்சில் பங்கேற்காத கியூபெக் முதல்வர் ரெனே லெவெக் உடன்பாட்டை ஏற்கவில்லை. இன்றுவரை கியூபெக் அதற்கு ஒப்புதல் தரவில்லை. ஆனாலும் சாசனம் அதையும் கட்டுப்படுத்துகிறது.

சாசனத்தின் குறிப்பிட்ட சில பிரிவுகளை மீறியும் இந்தச் சட்டம் செல்லும் என்று ஓர் அவை வெளிப்படையாக எழுதி நிறைவேற்ற 33-ஆம் பிரிவு இடம் தருகிறது. பேச்சுரிமை, மதச் சுதந்திரம், உயிருக்கும் உடலுக்குமான பாதுகாப்பு, சமத்துவம் எல்லாமே இந்த விலக்குக்கு உட்பட்டவை. வாக்குரிமை, மொழியுரிமை போன்ற சில பிரிவுகளை மட்டும் தொட முடியாது. விலக்கு ஐந்தாண்டில் தானே காலாவதியாகும், விரும்பினால் புதுப்பிக்கலாம். ஓர் அவையின் அதிகபட்ச ஆயுளும் ஐந்தாண்டுதான் என்பதால், புதுப்பிப்பதற்குமுன் அரசு ஒருமுறையாவது வாக்காளர் முன் நின்றாக வேண்டும்.

விலக்கின் வீச்சுக்குள் என்னென்ன வருகின்றன என்பதை 1985 சிங் வழக்கு காட்டும். அகதித் தஞ்சம் கோரிய சில சீக்கியர்களுக்கு நேரில் விசாரணை மறுக்கப்பட்டது. குடிமக்கள் அல்லாவிட்டாலும், கனடா மண்ணில் இருக்கும் எவருக்கும், உயிரையும் உடலையும் காக்கும் 7-ஆம் பிரிவின் பாதுகாப்பு உண்டு என்றது உச்ச நீதிமன்றம். பின்னாளில் வந்திறங்கிய ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் வாய்திறந்து தங்கள் கதையைச் சொல்ல முடிந்தது இந்தத் தீர்ப்பால்தான். அந்த 7-ஆம் பிரிவையும் விலக்கிவைக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஒட்டாவா இதுவரை ஒருமுறைகூட அதைக் கையில் எடுக்கவில்லை.

மாகாணங்கள் எடுத்தன. கடைகளின் பெயர்ப்பலகை பிரெஞ்சில் மட்டுமே இருக்க வேண்டும் என்றது கியூபெக் சட்டம். கம்பளி நூல் விற்கும் ஒரு சிறு கடையின் பலகையில் நூலின் பெயர் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. அதன்மேல் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 1988 டிசம்பரில் தடை செல்லாதென்று தீர்ப்பானது. முதல்வர் ரொபேர் பூராசா சில நாட்களிலேயே விலக்குப் பிரிவைப் பயன்படுத்தி, வெளிப்பலகைகளுக்கான தடையைத் திரும்பக் கொண்டுவந்தார். ஐந்தாண்டு முடியும் தறுவாயில், 1993-இல், பிரெஞ்சு மேலோங்கி இருந்தால் பிற மொழிகளும் இருக்கலாம் என்று சட்டம் தளர்ந்தது. கெடு வைத்தவர்கள் எதிர்பார்த்தது ஏறக்குறைய இதைத்தான்.

ஒன்டாரியோவில் ஐந்தாண்டு காத்திருக்கவே தேவைப்படவில்லை. 2022 நவம்பர் 3 அன்று, சுமார் 55,000 பள்ளித் துப்புரவாளர்கள், உதவியாளர்கள் உள்ளிட்ட ஊழியர்களின் வேலைநிறுத்தத்தைத் தடைசெய்து விலக்குடன் சட்டம் நிறைவேறியது. மீறினால் ஊழியருக்கு நாளொன்றுக்கு 4,000 டாலர்வரை அபராதம். மறுநாளே அவர்கள் தெருவில் இறங்கினர். தனியார் துறைச் சங்கங்களும் பொது வேலைநிறுத்தத்துக்கு ஆயத்தமாயின. நவம்பர் 7 அன்று முதல்வர் டக் ஃபோர்ட் பின்வாங்கினார். ஒரு வாரத்தில் சட்டம் நீக்கப்பட்டது. நீதிமன்றம் கைவைக்க முடியாத சட்டத்தை மக்களே வீழ்த்தினர்.

ஆனால் 55,000 பேர் சேர்ந்து நின்றதால் கிடைத்த வெற்றி அது. கியூபெக்கின் 2019-ஆம் ஆண்டு 21-ஆம் எண் சட்டம், அரசுப் பள்ளி ஆசிரியர், காவலர், அரசு வழக்கறிஞர் போன்றோர் பணியில் ஹிஜாப், தலைப்பாகை, சிலுவை முதலிய மதச் சின்னங்களை அணியக் கூடாதென்கிறது. பாதிக்கப்படுவோர் சிறுபான்மையினர், தேர்தல் முடிவை மாற்றும் எண்ணிக்கை அவர்களிடம் இல்லை. சட்டத்தைக் கொண்டுவந்த அரசு 2022 தேர்தலில் கூடுதல் இடங்களுடன் திரும்பியது. 2024-இல் விலக்கும் புதுப்பிக்கப்பட்டது. வாக்காளரையே கடைசிக் காவலாக நம்பிய ஏற்பாடு, காவல் மிகவும் தேவைப்படுவோரைக் கைவிடுவது இங்கேதான். 1981-இல் அஞ்சிய முதல்வர்கள் நீதிபதிகளின் வரம்புமீறலை எண்ணினர். நிலையான பெரும்பான்மையின் வரம்புமீறலுக்கு வழி வைக்கவில்லை.

21-ஆம் எண் சட்டத்தின் மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் விசாரணைக்கு ஏற்றது. விலக்குள்ள சட்டத்தை ரத்து செய்ய முடியாவிட்டாலும், அது உரிமையை மீறுகிறது என்று நீதிமன்றம் அறிவிக்கவாவது முடியுமா என்ற கேள்வியும் எழுந்துள்ளது. அறிவிக்கலாம் என்று சஸ்காட்சுவான் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொரு வழக்கில் தீர்ப்பளித்தது. அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் சட்டம் நடைமுறையில் தொடரும். ஆனால் விலக்கைப் புதுப்பிக்க அவை கூடும்போது, எந்த உரிமையை மீறுகிறோம் என்று தெரியாமல் யாரும் கை தூக்க முடியாது.