மூச்சை அடக்காதே!

கிணற்றில் நீச்சல் பழகுவோருக்கு முதல் பாடம், "தலை நீருக்குள் போனால் மூச்சை அடக்கு" என்பதே. கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கிணறு ஒன்றில் நானும் அப்படித்தான் கற்றேன். சென்ற விடுமுறையில் குடும்பத்தோடு அந்தமான் சென்றபோது இதற்கு நேர்மாறான பாடத்தைக் கேட்டேன்.

அங்குள்ள ஹேவ்லாக் தீவுக்கு 2018-ஆம் ஆண்டு முதல் சுவராஜ் தீவு என்று பெயர். பவளப்பாறைகளையும் வண்ண மீன்களையும் காண, பலர் முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு அங்கே கடலில் இறங்குகிறார்கள். இதுவே ஸ்கூபா முறை. எனக்குக் கற்றுத்தந்தவர் கரையிலேயே மூன்று முறை எச்சரித்தார்: "உள்ளே எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதீங்க, சார்!"

இரண்டும் நீர்தானே? விதி மட்டும் ஏன் மாறியது? காண்போம்.

கடல் மட்டத்தில் காற்று நம்மீது ஒரு வளிமண்டல அழுத்தத்தைச் செலுத்துகிறது. கடலில் 10 மீட்டர் இறங்கினால், மேலுள்ள நீரின் எடையால் இன்னும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். ஆக மொத்தம் இரண்டு. 20 மீட்டரில் மூன்று. நம் கிருஷ்ணகிரி அணையின் முழு நீர்மட்டம் 52 அடி. அவ்வளவு ஆழத்தில் அழுத்தம் ஏறத்தாழ இரண்டரை வளிமண்டலம் இருக்கும்.

வெப்பநிலை மாறாதபோது, வாயுவின் அழுத்தம் இரு மடங்கானால் அதன் பருமன் பாதியாகும். இது 1662-இல் இராபர்ட் பாயில் வெளியிட்ட விதி.

தூத்துக்குடிக் கடலில் மூச்சடக்கிச் சங்கு குளிப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் 6 லிட்டர் காற்றோடு மூழ்கினால், 10 மீட்டர் ஆழத்தில் அது 3 லிட்டராகச் சுருங்கும். மேலே வந்ததும் மீண்டும் 6 லிட்டர். அதற்கு மேல் விரியாது.

சிலிண்டரோடு செல்பவரின் நிலை வேறு. சிலிண்டரில் இருப்பது தூய ஆக்ஸிஜன் அன்று. சுமார் 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைத்த சாதாரணக் காற்றே. அதை நேராகச் சுவாசிக்க முடியாது. 1943-இல் பிரான்சில் கூஸ்தோவும் கான்யானும் உருவாக்கிய கருவியின் வழிவந்த ரெகுலேட்டர், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்திலேயே காற்றை வாய்க்குத் தருகிறது. ஆகவே 10 மீட்டர் ஆழத்திலும் நுரையீரல் முழுதாக 6 லிட்டர் நிரம்பும். மூச்சை அடக்கியபடி மேலே எழும்பினால் அந்தக் காற்று 12 லிட்டராக விரியப் பார்க்கும். நுரையீரலில் அதற்கு இடம் ஏது? நுரையீரல் கிழிந்து, காற்றுக் குமிழ்கள் இரத்தத்தோடு மூளைக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து.

"ஆழம் குறைவுதானே" என்றும் இருந்துவிடக் கூடாது. 20 மீட்டரிலிருந்து 10 மீட்டருக்கு வந்தால் காற்று ஒன்றரை மடங்காகிறது. 10 மீட்டரிலிருந்து மேலே வந்தாலோ இரு மடங்கு! நிறைந்த நுரையீரலோடு ஒன்றரை மீட்டர் எழும்பினாலும் விபத்து நேரலாம். எனவேதான் சீராக மூச்சுவிட்டுக்கொண்டே மெதுவாக ஏற வேண்டும்.

ஊர் திரும்பும் நாள் காலையில், "இன்னொரு முறை இறங்கலாம் அப்பா" என்று என் மகன் கெஞ்சினான். பயிற்சியாளர் கண்டிப்பாக மறுத்துவிட்டார். மதியம் எங்களுக்கு விமானம்!

இதன் காரணம் 1803-இல் வில்லியம் ஹென்றி கண்ட விதியில் இருக்கிறது. அழுத்தம் கூடினால் திரவத்தில் கரையும் வாயுவின் அளவும் கூடும். கடலுக்கடியில் நைட்ரஜன் நம் இரத்தத்திலும் திசுக்களிலும் அதிகமாகக் கரைகிறது. அழுத்தம் திடீரெனக் குறைந்தால், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் அது குமிழ்களாக வெளிவரும். அதனால் கடும் மூட்டுவலியும், சில வேளை பக்கவாதமும் உண்டாகும். பறக்கும் விமானத்தினுள் அழுத்தம், சுமார் 2,400 மீட்டர் உயர மலைமேல் உள்ள அளவுக்குக் குறையலாம். ஆகவே பலமுறை மூழ்கியவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்தே விமானம் ஏற வேண்டும் என்பது விதி.

அன்று காலை நாங்கள் கரையில் சிப்பி பொறுக்கினோம்.

உங்களுக்கு ஒரு கணக்கு: 30 மீட்டர் ஆழத்தில் ஒருவர் விடும் 1 லிட்டர் காற்றுக் குமிழ், கடல் மட்டத்தை எட்டும்போது எத்தனை லிட்டராகும்?