இசைத்தட்டா, இறுவட்டா?



நாயாற்றில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் என்னிடம் ஒரு வினாவைத் தொடுத்தார். “சேர், இடப்பெயர்வுகளிலும் அப்பப்பா கைவிடாத இசைத்தட்டுகள் சில வீட்டிலே கிடக்கின்றன. இறுவட்டில் பதிந்துவிட்டுத் தட்டுகளைக் கொடுத்துவிடலாமா?” தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்த வினா ஏட்டுச்சுவடிகளை நினைவூட்டியது. ஏன் என்பதைப் பின்னர் சொல்கிறேன்.

இசைத்தட்டிலே ஒலியின் அதிர்வு ஒரு நெளிந்த பள்ளமாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊசி அப்பள்ளத்தில் உராய்ந்து செல்லும்போது பாட்டுப் பிறக்கிறது. ஆகவே, ஒவ்வொரு முறை கேட்கும்போதும் தட்டு சிறிது தேய்கிறது. இறுவட்டிலோ ஒலி ஒரு செக்கனுக்கு 44,100 முறை அளக்கப்பட்டு எண்களாகப் பதியப்படுகிறது. அவற்றை லேசர் ஒளி தொடாமலே படிக்கிறது. தேய்வில்லை, இரைச்சலில்லை. ஆனால் இசைத்தட்டில் கீறல் விழுந்தால் ‘டிக்’ என்ற ஓசையோடு பாட்டுத் தொடரும். இறுவட்டில் ஆழமான கீறல் விழுந்தால் பாட்டே நின்றுவிடும்.

நேரத்தையும் பார்க்கவேண்டும். பழைய அரக்குத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நான்கு நிமிடமே பாடும். அதற்குள் ஆலாபனையையும் கீர்த்தனையையும் சுருக்கிப் பாடிய வித்துவான்களின் ஆற்றல் தனிக்கலை எனலாம். 1948இல் வந்த நீண்டநேரத் தட்டு, பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் இடம் தந்தது. 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டோ 74 நிமிடம் வரை கொள்ளும். ஓர் இராகத்தை ஆறுதலாகக் கேட்க விரும்புபவருக்கு இறுவட்டே வசதி. ஆனால் கிட்டப்பா போன்றோரின் குரல் முதலிலே பதிந்தது அரக்குத் தட்டில்தான். இறுவட்டில் நாம் கேட்பது அதன் படி.

இங்கேதான் ஏட்டுச்சுவடி நினைவுக்கு வருகிறது. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையை அச்சேற்றினார். ஏடுகள் கையிலே நொறுங்குவதைக் கண்டு வருந்தியே அவர் பதிப்புப் பணியில் இறங்கினார். அச்சு வந்ததால் நூல் பிழைத்தது. ஆயினும் பாடபேதம் பார்க்க வேண்டுமெனில் ஏட்டிடமே திரும்பவேண்டும். இசைத்தட்டு ஏடு, இறுவட்டு அச்சுப்படி. இரைச்சலை நீக்குகிறோம் என்று படியெடுப்போர் சில வேளை குரலின் நுட்பத்தையும் சேர்த்தே நீக்கிவிடுவதுண்டு. மூலம் இருந்தால் மீண்டும் பதியலாம்.

மறுபுறம், 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் சேர்ந்தே அழிந்தன. ஒரேயொரு பிரதியை நம்பியிருப்பதன் விலையை நம்மைவிட அறிந்தவர் யார்? 1990களில் மின்சாரமின்றி, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டது வன்னி மண். மின்சாரம் இல்லாத இடத்தில் இறுவட்டு வெறும் தகடு. கையால் முறுக்கும் கிராமபோனோ அப்போதும் பாடும்.

ஆகவே என் விடை இது. கேட்பதற்கு இறுவட்டு, காப்பதற்கு இரண்டும். நாமே பதியும் இறுவட்டில் ஒலியைத் தாங்குவது ஒரு சாயப்படலம். வெயிலும் வெப்பமும் அதை மங்கச் செய்யும். எனவே இரண்டு மூன்று படிகள் எடுத்து, கணினியிலும் ஒன்று சேமித்து, வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். தட்டுகளை அடுக்கிப் படுக்கவைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். கடற்கரையின் ஈரமும் மணற்புழுதியும் அண்டாத உறையில் இடுங்கள். அரக்குத் தட்டை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டாம், அரக்குக் கரைந்துவிடும். அதற்குரிய ஊசியும் நீண்டநேரத் தட்டின் ஊசியும் வேறு வேறு. மாற்றிப் போட்டால் பள்ளம் கெடும்.

இன்று கைத்தொலைபேசியிலே பாட்டுக் கேட்கும் காலத்தில் இறுவட்டும் பழம்பொருளாகி வருகிறது. அமெரிக்காவில் 2022இல் இறுவட்டுகளைவிட இசைத்தட்டுகளே எண்ணிக்கையில் கூடுதலாக விற்றன. எந்தக் கருவி நிலைக்கும் என்று யாரும் உறுதி கூற இயலாது. எனவே, தம்பி, படியெடுங்கள்; ஆனால் அப்பப்பாவின் தட்டுகளைக் கொடுத்துவிடாதீர்கள்.