பெருகும் கணக்கும் பேணும் முறையும்

தாலுகா அலுவலகங்களில் பணிபுரிந்தோர் அனைவரும் ஆவண அறையை அறிவர். அன்றாடம் புழங்கும் கோப்புகள் எழுத்தரின் மேசைமீது இருக்கும். முடிவுற்ற கோப்புகள் எண்ணிடப்பெற்று, கட்டாகக் கட்டப்பெற்று, ஆவண அறைக்குச் செல்லும். மேசையில் இடமில்லை என்பதற்காக முடிந்த கோப்பை எவரும் கிழித்தெறிவதில்லை. அறையில் இடமுண்டு என்பதற்காக எல்லாவற்றையும் என்றென்றும் வைத்திருப்பதும் இல்லை. பள்ளிக்கூடத்திலும் இவ்வாறே. மாணவர் சேர்க்கைப் பதிவேடு பல்லாண்டுகள் கழிந்த பின்னும் தேவைப்படும். அன்றாட வருகைப் பதிவேட்டிற்கு அவ்வளவு நீண்ட ஆயுள் வேண்டியதில்லை.

வாணிபக் கணக்குகள் கணிப்பொறிக்கு மாறிய இக்காலத்திலும் இதே ஒழுங்கு இன்றியமையாதது. இதனை அத்துறையினர் 'ஆர்க்கைவிங்' என்பர். நாம் ஆவணக் காப்பு எனலாம். மென்பொருள் தொழிலுக்குப் பேர்பெற்ற பெங்களூர் நகரத்தோடு தொடர்புடைய மூன்று நிகழ்ச்சிகளைக் கொண்டு இதனை விளக்குவோம்.

வேகம் குறைவது ஏன்?

கடையில் எழுதப்படும் ஒரு விற்பனைச் சீட்டு, கணிப்பொறியில் ஒரே பதிவாக நிற்பதில்லை. சரக்கிருப்பு, வாடிக்கையாளர் கணக்கு, வரி, ரொக்கம் ஆகிய ஒவ்வொன்றிலும் அது ஒரு வரியைத் தோற்றுவிக்கிறது. ஆகவே பதிவுகள் பன்மடங்காகச் சேர்கின்றன.

பதிவுகள் பெருகினால் ஒன்றைத் தேடி எடுப்பதே கடினம் எனப் பலர் எண்ணக்கூடும். இது முழு உண்மையன்று. அகராதியை நடுவில் திறந்து, வேண்டாத பாதியை ஒதுக்கி, எஞ்சிய பாதியை மீண்டும் நடுவில் திறப்பதைப் போன்றே, கணிப்பொறியும் வரிசைப்படுத்திய அட்டவணையின் துணையால் தேட இயலும். இவ்வாறு தேடினால் 1,000 பதிவுகளுக்கு ஏறத்தாழ 10 படிகள் போதும். 10 லட்சத்திற்கு 20. 100 கோடிக்கு 30. இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. எல்லாப் பதிவுகளையும் கூட்டி அறிக்கை தயாரித்தல், நாள்தோறும் முழு நகல் எடுத்தல், பழுது நேர்ந்தால் நகலினின்று மீட்டல் ஆகியவற்றிற்கு ஆகும் காலம் பதிவுகளின் தொகைக்கு ஏற்ப நீண்டுகொண்டே போகிறது. பத்தாண்டுக்கு முன் முடிந்த கணக்கையும் இவை ஒவ்வொரு முறையும் சுமக்க வேண்டியுள்ளது.

புதுக்கணக்கு எழுதும் முறை

ஆண்டு முடிவில் பழைய பேரேட்டின் இருப்பைப் புதிய பேரேட்டின் முதற்பக்கத்தில் ஏற்றிப் புதுக்கணக்குத் தொடங்குவது நம் வணிகர்களின் நெடுநாளைய வழக்கம். நாடெங்கும் கடைகளில் வழங்கும் 'டாலி' என்னும் கணக்கு மென்பொருள் இதே முறையைக் கைக்கொள்கிறது. 1986-ஆம் ஆண்டில் சியாம் சுந்தர் கோயங்காவும் அவர் மைந்தர் பாரத் கோயங்காவும் தொடங்கிய இந்நிறுவனத்தின் தலைமையிடம் பெங்களூர். தரவு மிகும்போது, குறிப்பிட்ட ஒரு தேதியை எல்லையாகக் கொண்டு கணக்கை இரண்டாகப் பிரிக்கும் வசதி இம்மென்பொருளில் உண்டு. முந்திய பகுதியின் இறுதியிருப்பு, பிந்திய பகுதியின் தொடக்க இருப்பாக ஏற்றப்படுகிறது. மூலக்கணக்கு அழிவதில்லை. எனினும் பிரிப்பதற்கு முன் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

2024-ஆம் ஆண்டின் படிப்பினை

சரக்கு மற்றும் சேவை வரி 2017 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. அதற்குரிய கணிப்பொறி அமைப்பை உருவாக்கும் பணி, பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட இன்போசிஸ் நிறுவனத்திடம் 2015-ஆம் ஆண்டில் ஒப்படைக்கப்பட்டது. வரி செலுத்துவோர் தாம் அளித்த வரி அறிக்கைகளை இணையதளத்தில் ஏழு ஆண்டுகள் வரையிலுமே காண இயலும் என்பது அவ்வமைப்பின் கொள்கை. இதன்படி 2017 ஜூலை மாத அறிக்கைகள் 2024 ஆகஸ்டு 1-ஆம் தேதியும், 2017 ஆகஸ்டு மாத அறிக்கைகள் செப்டம்பர் 1-ஆம் தேதியும் காப்பகத்திற்கு மாற்றப்பட்டன. இச்செய்தி பொதுமக்களுக்கு விளக்கமாக அறிவிக்கப்பட்டதோ செப்டம்பர் பிற்பகுதியிலேதான்.

ஏழு ஆண்டு என்பது நீண்ட காலமாகத் தோன்றும். ஆனால் சட்டம் கூறுவதைக் காண்க. மத்திய சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்படி, ஆண்டறிக்கை அளிக்க வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வரை கணக்குகளைப் பேணுதல் வேண்டும். வழக்கோ மேல்முறையீடோ இருப்பின் அதற்கு மேலும் பேண நேரிடும். 2017-18-ஆம் ஆண்டறிக்கையின் கடைசித் தேதி பல முறை நீட்டிக்கப்பட்டு, 2020 பிப்ரவரியில் வந்து நின்றது. எனவே அவ்வாண்டுக் கணக்கை 2026 பிப்ரவரி வரை பேணும் கடமை வணிகருக்கு இருந்தது. திரையிலிருந்து அறிக்கை மறைந்ததோ அதற்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு முன்னரே.

தம் கணக்கைத் தாமே பேணுவது வணிகரின் பொறுப்பு என்பது மெய்யே. ஆயினும் இணையதளத்தையே தம் பெட்டகமாகக் கருதியிருந்த சிறு வணிகருக்கு இது பேரிடர் அன்றோ! இன்னலை எடுத்துரைத்துக் கோரிக்கைகள் குவிந்தன. தரவுகள் மீண்டும் பார்வைக்கு வைக்கப்பட்டன. அவற்றை நகலெடுத்துக்கொள்ளுமாறும், இனி முன்னறிவிப்புக்குப் பின்னரே இக்கொள்கை செயற்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. காப்பகத்தில் தரவு பத்திரமாக இருந்தமையாலன்றோ மீட்க முடிந்தது! அழித்திருந்தால் மீட்சி ஏது?

நெடுங்காலம் வைத்திருத்தலும் தவறாகும்

இதற்கு மறுபுறமும் உண்டு. ஆதார் ஆணையம் தன் தரவு மையங்களுள் ஒன்றைப் பெங்களூரில் நடத்தி வருகிறது. ஒருவரது அடையாளம் எப்போது சரிபார்க்கப்பட்டது என்னும் பதிவுகளை ஐந்தாண்டு காலம் காப்பகத்தில் வைக்க 2016-ஆம் ஆண்டு விதிகள் இடமளித்தன. 2018 செப்டம்பர் 26-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அவ்விதியை நீக்கி, ஆறு மாதங்களுக்கு மேல் அப்பதிவுகளை வைத்திருத்தலாகாது எனத் தீர்ப்பளித்தது. தனிமனிதரின் அந்தரங்கம் கருதி எழுந்த தீர்ப்பு அது.

இவற்றால் விளங்கும் உண்மை ஒன்றே. எதனை எத்துணைக் காலம் வைத்திருத்தல் வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது யந்திரத்தின் கொள்ளளவன்று; சட்டமும் அப்பதிவை நம்பி வாழும் மக்களின் தேவையுமே.

கடைப்பிடிக்க வேண்டியவை

முதலாவதாக, கொடுக்கல் வாங்கல் முற்றிலும் முடிந்த பதிவுகளை மட்டும் தேர்ந்தெடுத்தல் வேண்டும். நிலுவையுள்ள கணக்கை நகர்த்தலாகாது. இரண்டாவதாக, காப்பகத்தில் எழுதிய பின்னர், பதிவுகளின் எண்ணிக்கையும் தொகையின் கூட்டலும் மூலத்தோடு ஒத்துள்ளனவா எனச் சரிபார்த்தல் வேண்டும். அதன் பின்னரே மூலத்திலிருந்து நீக்கலாம். மூன்றாவதாக, எப்பதிவு எங்குள்ளது என்னும் அட்டவணை கைக்கெட்டும் இடத்தில் இருத்தல் வேண்டும். நான்காவதாக, ஆண்டுக்கு ஒரு முறையேனும் பழைய பதிவு ஒன்றை எடுத்துப் படித்துப் பார்த்தல் வேண்டும். அதனைப் படிக்கும் மென்பொருள் வழக்கொழிந்து போயின், பேணியும் பயனில்லை. இறுதியாக, நகர்த்துமுன் உரியவர்க்கு அறிவித்தல் வேண்டும்.

களப்பணியாளர்கள் தம் பகுதி வணிகர்களுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் இதனை எடுத்துரைக்கலாம். ஆசிரியர்கள் மாணவர்களைப் பள்ளியின் பழைய பதிவேடுகள் உள்ள அலமாரிக்கு அழைத்துச் சென்று, ஒரு பெயரைத் தேடி எடுக்கச் செய்து காட்டலாம். வேண்டியபோது எடுக்க முடிந்தால் மட்டுமே அது காப்பு. எடுக்க முடியாதாயின் அது வெறும் குவியலே.